நொடிக்குப் பன்னிரண்டரைப் படம்

திரையில் காட்சி மெதுவாக ஓட வேண்டுமென்றால் கேமராவும் மெதுவாகப் படம் பிடிக்க வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். கோவில்பட்டியில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்து, வாசலில் ‘வீடியோ கவரேஜ், எடிட்டிங்’ என்று போர்டும் எழுதி மாட்டியிருந்த நானே அப்படி நம்பினேன். அடுப்பைக் குறைத்தால் பால் மெதுவாகப் பொங்குகிறது. ஃபேனைக் குறைத்தால் மெதுவாகச் சுற்றுகிறது. அதேபோலக் கேமரா நொடிக்கு எடுக்கிற படங்களைக் குறைத்தால் மாடும் மனிதனும் திரையில் நிதானமாக வருவார்கள். இதில் எங்கே பிழை இருக்க முடியும்? சங்கதி நேர் எதிர் என்பதும், ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் கேமரா பேய் பிடித்தது மாதிரி நொடிக்கு நிறையப் படம் எடுத்துத் தள்ள வேண்டும் என்பதும் எல்லாருக்கும் புத்தகத்திலோ அனுபவசாலி வாயிலோ தெரியவரும். எனக்கு ஒரு சித்திரை மாத வெயிலில், இரண்டு ஊர் ஜனமும் சுற்றி நிற்கும்போது தெரியவந்தது.

அந்தக் கேமராவை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு நிறம், உள்ளங்கை அகல டேப், தோளில் வைக்க வேண்டாம், கையில் பிடித்தாலே போதும். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியது. அதற்கு இரண்டு விதமாகப் பார்க்கத் தெரியும். சாதாரண மோடில் நொடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொரு படத்தையும் பாதிப் பாதியாக இரண்டு தடவையில் பிடிக்கும் என்பதால் நொடிக்கு ஐம்பது தடவை அதன் கண் திறந்து மூடும். இன்னொன்று முழுப்பட மோடு. அதில் நொடிக்குப் பன்னிரண்டரைப் படம்தான். ஆனால் ஒவ்வொன்றும் பளிங்கு மாதிரி இருக்கும். அந்த அரைப் படம் எங்கே போகிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதை அந்த மோடில் எடுத்துக் கொடுத்தேன். பெண் வீட்டார் சினிமா மாதிரி இருக்கிறது என்று பூரித்துப் போனார்கள். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதே மோடு. கல்யாணத்தில் யாரும் ஓடுவதில்லை என்பதால் குட்டு வெளிப்படவில்லை. ஓடிப்போன மாப்பிள்ளையை நான் எடுத்ததில்லை.

முதலில் சந்தேகப்பட்டவர் அத்தான். என் அக்காவைக் கட்டியவர், மணியாச்சியில் ரயில்வே வேலை, லீவு நாளெல்லாம் ஹாக்கி நடுவர். எங்கள் ஊரில் குச்சியைப் பார்த்தால் பிள்ளைகள் கோலி விளையாடுவதை விட்டுவிட்டு ஹாக்கிக்கு ஓடுவார்கள்; அப்படிப்பட்ட ஊரில் நடுவராக இருப்பது என்றால் பாதி ஊருக்கு வேண்டாதவனாக இருப்பது. அத்தானுக்கு அதில் ஒரு பெருமை. கண்ணால் பார்த்ததற்கு மட்டும்தான் விசில் ஊதுவார். அந்தப் பிடிவாதம் வீட்டுக்குள்ளும் வரும். அக்கா அடுப்படியிலிருந்து, “குழம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டால், “இன்னும் வாயில வைக்கல, எப்படிச் சொல்லுதது?” என்பார். அக்கா அந்தப் பதிலுக்காகவே உப்பைக் கூட்டிப் போட்ட நாட்கள் உண்டு. தப்பாக ஊதிவிட்டாலும் மாற்ற மாட்டார். அதற்காக ஒருமுறை கிருஷ்ணன் கோவில் திடலிலிருந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஒரு ஹாக்கி போட்டியை எடுத்து எடிட் செய்து, கோல் விழும் இடத்தைக் கம்ப்யூட்டரில் மெதுவாக்கி அவருக்குப் போட்டுக் காட்டினேன். பந்து மட்டையில் இருந்தது. அப்படியே சற்று நேரம் அசையாமல் இருந்தது. அடுத்தாற்போல் வலைக்குள் இருந்தது. அத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஏலே, பந்து இங்கன மட்டையில இருக்கு. பொறவு அங்கன வலையில இருக்கு. நடுவுல பஸ்ஸுல போச்சாக்கும்?”

“மெமரி பத்தல அத்தான். கம்ப்யூட்டர் திணறுது.”

“நான் ஊதுனா நான் குருடன். நீ காமிச்சா கம்ப்யூட்டர் திணறுதோ?”

நான் சிரித்துச் சமாளித்தேன். எடிட்டிங்கில் எவ்வளவு மெதுவாக்கினாலும், இருக்கிற படத்தையே அது நாலு தடவை, எட்டுத் தடவை திருப்பிக் காட்டுமே தவிர, எடுக்காத படத்தை எங்கிருந்தும் கொண்டுவராது. இந்த எளிய விஷயம் அப்போதே புத்தியில் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அந்தச் சித்திரையில் எட்டயபுரம் போகும் வழியில் ஓர் ஊரில் கோவில் கொடை விழாவுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் வைத்தார்கள். அப்போது பந்தய சிடிக்கு நல்ல கிராக்கி. டீக்கடைகளில் சினிமாவை நிறுத்திவிட்டுப் பந்தயம் போடச் சொல்லுவார்கள். எல்லையைத் தொடும் கட்டத்தை ஸ்லோமோஷனில் போட்டு, அடியில் உறுமி மேளம் சேர்த்தால் சிடி பறக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆகவே முழுப்பட மோடு. எல்லைக் கோட்டுக்கு நேர் பக்கத்தில் டிராக்டர் டிரெய்லர் மேல் கேமராவை ஏற்றி நிறுத்தினேன். கோட்டில் நின்று முடிவு சொல்ல விழாக் கமிட்டி அத்தானைக் கூப்பிட்டிருந்தது. உள்ளூர் ஆள் நின்றால் பொல்லாப்பு, வெளியூர் நடுவர் என்றால் மரியாதை. அத்தான் வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசிலோடு வந்து, ரோட்டில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை ஆடுகளக் கோடு மாதிரி இரண்டு தடவை பார்த்துவிட்டு, அது கோணல் என்று சொல்லி அழித்துப் போடச் சொன்னார்.

விதி எளிது. எந்த ஜோடியின் மூக்கு முதலில் கோட்டைத் தொடுகிறதோ அதற்கு முதல் கொடி, அதாவது முதல் பரிசு. இன்னொரு வழக்கமும் அந்தப் பக்கத்தில் உண்டு. முடிவு சொல்லும் வரை மாட்டை நுகத்திலிருந்து அவிழ்க்கக் கூடாது. தகராறு என்று வந்துவிட்டால், முதலில் அவிழ்த்தவர் கொடியை விட்டுக்கொடுத்தார் என்று அர்த்தம். பொதுவாக முடிவு உடனே தெரிந்துவிடும். மூச்சு வாங்க விடாமல் அவிழ்த்து, மாட்டை நடத்தியே சூடு தணிப்பார்கள். அதனால் அந்த வழக்கத்தால் யாருக்கும் நோவு வந்ததில்லை.

பெரிய மாட்டுப் பிரிவில் இரண்டு வண்டிகள் மற்றவற்றை எங்கோ விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று கழுகுமலைப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியுடையது. அவர் மகள் கல்யாண வீடியோவை எனக்குத் தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். மற்றது எட்டயபுரத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியுடையது. அவரே வண்டியும் ஓட்டி வந்தார். கரிசலில் பருத்தி எடுத்து முடித்த கையோடு, உழுத மாட்டையே பழக்கிக் கொண்டுவந்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். கூடவே வந்த மோட்டார் சைக்கிள் கூட்டம் கோட்டருகே ரோட்டை விட்டுக் கரிசலில் இறங்கியது. ஒரு கறுப்புத் திரை மாதிரி புழுதி எழும்பி, அத்தான் நின்ற பக்கத்தை மூடியது. என் பக்கம் காற்று எதிர்த்ததால் சுத்தமாக இருந்தது. வண்டிகள் கடந்து போயின. புழுதி அடங்கியபோது அத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். விசில் வாயில் இருந்தது, ஊதப்படவில்லை.

“எந்த மாடு அண்ணாச்சி?” என்று கமிட்டித் தலைவர் ஓடி வந்தார்.

“நான் பாக்கல.”

“என்னது?”

“புழுதி மறைச்சிட்டு. பாக்காததச் சொல்ல மாட்டேன்.”

அவரை முறைத்த அத்தனை கண்களும் அடுத்த நிமிஷம் டிரெய்லர் மேல் நின்ற என் பக்கம் திரும்பின. “வீடியோக்காரர் எடுத்திருக்காருல்ல! அதப் போட்டுப் பாத்தா தெரிஞ்சு போவுது!” என்று யாரோ ஒரு புண்ணியவான் கத்தினான். கூட்டம் கைதட்டியது. நான் கையைக்கூட அசைத்தேன், ஓட்டுக் கேட்கப் போகிறவன் மாதிரி. எனக்குத்தான் ஸ்லோமோஷன் தெரியுமே.

பஞ்சாயத்து டி.வி.யை ரூமோடு பெயர்க்காத குறையாகத் தூக்கிவந்து பந்தலில் மேசை மேல் வைத்தார்கள். ஒயரைச் சொருகி டேப்பைச் சுற்றினேன். இரண்டு வண்டிகளும் கோட்டுக்கு அப்பால் அப்படியே நின்றன, மாடுகள் நுகத்தோடு. முதலாளியின் ஆட்கள் ஒரு பக்கம், சம்சாரியின் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். டி.வி.க்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது.

ஓட்டினேன். புயல் மாதிரி கடந்து போனது, ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். ஒரு படத்தில் நிறுத்தினேன். கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் சம்சாரியின் இடப்பக்கத்து மாடு மூக்கை நீட்டிக்கொண்டு முந்தி நின்றது. பந்தல் பிய்ந்துபோகும் அளவுக்குக் கூச்சல். துண்டுகள் மேலே பறந்தன. சந்தோஷத்தில் என் விரல் தானாக அடுத்த படத்தை அழுத்திவிட்டது. இரண்டு ஜோடியும் கோட்டைத் தாண்டியிருந்தன. இப்போது முந்தி நின்றது முதலாளியின் மாடு. மாடு ஓடும்போது தலையை வீசி வீசித்தான் ஓடும். ஒரு வீச்சில் இது, மறு வீச்சில் அது. இந்தப் பக்கத்துத் துண்டுகள் இறங்க, அந்தப் பக்கத்துத் துண்டுகள் ஏறின.

“பொறத்த போ! பொறத்த போ!”

பின்னால் போனேன். சம்சாரி. முன்னால் வந்தேன். முதலாளி. கோட்டைத் தொடும் மூக்கு மட்டும் எதிலும் இல்லை.

“இன்னும் மெதுவா ஓட்டும்வே! மெதுவா ஓட்டுனாத்தானே தெரியும்!”

எனக்கும் அதுதான் தோன்றியது. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். முதல் படம் திரையில் அதிக நேரம் நின்றது. பிறகு இரண்டாவது படம் அதிக நேரம் நின்றது. அவ்வளவுதான். பன்னிரண்டரைப் படமும் நல்ல பளிங்குதான். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மாடு ஒன்றரை முழம் ஓடிவிட்டிருந்தது. அந்த ஒன்றரை முழத்துக்குள்தான் கோடு இருந்தது. ஐம்பது தடவை கண் திறக்கத் தெரிந்த கேமராவைப் பிடித்து, சினிமா மாதிரி இருக்கட்டும் என்று பன்னிரண்டரைத் தடவை போதும் என்று நிறுத்தியிருந்தேன். பந்து பஸ்ஸில் போன ரகசியம் எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. உடம்பில் எங்கெங்கே வேர்க்கும் என்பதும் அங்கேதான் விளங்கியது.

பயத்தில் நான் செய்ததைச் சொன்னால் இன்றும் வீட்டில் சிரிக்கிறார்கள். டேப்பைப் படிக்கிற ஹெட் அழுக்காகிவிட்டது என்று சொல்லிக் கைக்குட்டையால் டி.வி.யின் முதுகைத் துடைத்தேன். வோல்டேஜ் பற்றாது என்றேன். யாரோ அந்த நிமிஷமே பந்தல் ஃபேனையெல்லாம் அணைத்துவிட்டார்கள், வெக்கைதான் கூடியது. கொஞ்சம் தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒரு சொம்பு தலைகளுக்கு மேலாகவே கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. தப்பிக்கிற எந்த வழியையும் அந்த ஊர் உபசரிப்பு விட்டுவைக்கவில்லை. எட்டயபுரம் ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனதை, பிரிந்து போகும் சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

சிரிப்புக்கு நடுவே ஒன்று இருந்தது. எந்தப் படத்தில் நான் கையை எடுக்கிறேனோ அந்தப் படத்தில் முந்தி நிற்பவர் ஜெயித்தவர். வீடியோ பொய் சொல்லாது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது படத்தில் நிறுத்தி, “இதுதான் முடிவு” என்று ஒரு சொல் சொன்னால் கதை முடிந்தது. முதல் படத்தில் நிறுத்தினாலும் முடிந்தது, அந்தப் பக்கம்தான் ஆள் அதிகம்.

பந்தலுக்கு வெளியே சம்சாரியின் இடப்பக்கத்து மாட்டுக்கு வாயில் நுரை தள்ளியிருந்தது. விலா மேலும் கீழும் அடித்துக்கொண்டது. ஓடிய சூட்டோடு வெயிலில், நுகத்துக்குள், நகராமல் நின்றது. சம்சாரி அதன் காதில் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கொஞ்சுகிற ‘நாயனா’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவர் கை நுகத்தடிக் கயிற்றின் மேல் இருந்தது. “அவுத்துராத! அவுத்தா கொடி அங்கிட்டுப் போயிரும்!” என்று அவர் ஊர்க்காரர்களே கத்தினார்கள். முதலாளியின் சாரதி அவர் கையைப் பார்த்தான். அவர் சாரதியின் கையைப் பார்த்தார். அந்த ஜோடியும் நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் நின்றது.

அத்தான் என் காதருகே குனிந்தார்.

“ரெண்டு படத்துக்கும் நடுவுல என்னடே இருக்கு?”

“ஒண்ணும் இல்ல அத்தான்.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“கேமரா பாக்கல.”

“அப்ப அதச் சொல்லு.”

“சொன்னா கொன்னுருவாங்க.”

“நான் பாக்கலன்னு சொன்னேன். கொன்னாங்களா?”

“உங்க கழுத்துல விசில் கிடக்கு. எனக்கு என்ன கிடக்கு?”

அத்தான் யோசித்தார். உண்மையில் அவருக்கும் பயம்தான். “ஒரு அத்தான் கிடக்கான்ல, அது போதும், போ” என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். மைக் முன்னால் போய் விழுந்தேன். மைக் எடுத்தவுடன் ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று சொல்லித் தொலைத்தேன், பழக்க தோஷம். பிறகு சொன்னேன். கேமரா நொடிக்குப் பன்னிரண்டு தடவைதான் பார்த்தது, அப்படி வைத்தது நான்தான், கோட்டை மாடு தொட்ட நேரம் அது கண்ணை மூடியிருந்தது, இந்த டேப்பில் முடிவு கிடையாது.

பின்வரிசையில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. “மாட்டப் பாத்து அதுவும் பயந்துட்டோ?”

நாலு பேர் சிரித்தார்கள். நாற்பது பேர் என்னை நோக்கி நகர்ந்தார்கள். அதற்குள் வெளியே, “ஏய், மாடு! மாடு!” என்று ஓலம். சம்சாரியின் மாடு முன்னங்கால் மடங்கி, மறுபடி தட்டுத்தடுமாறி நிமிர்ந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். சம்சாரியின் விரல்கள் கயிற்று முடிச்சைப் பிடித்திருந்தன. ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஊரே அவர் கையைப் பார்த்து நின்றது.

அப்போதுதான் அத்தான் விசிலை ஊதினார். அவ்வளவு நீளமாக அவர் எந்த ஆட்டத்திலும் ஊதியதில்லை. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கினார்.

“புல்லி!” என்றார்.

ஹாக்கியில் யார் மேலும் தப்பில்லாமல் ஆட்டம் நின்றுபோனால், பந்தை நடுவில் வைத்து, இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே நின்று மட்டையோடு மட்டையைத் தட்டி, சமமாக ஆரம்பிப்பார்கள். அதற்குப் பெயர் புல்லி. வேறு ஊராக இருந்தால் இந்த ஆளுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அங்கே நின்ற ஆண்களில் பாதிப் பேர் சின்ன வயதில் கருவேலங் குச்சியால் புல்லி தட்டியவர்கள்.

“ரெண்டு பேரும் கயித்துல கைய வைங்க. நான் ஊதுன உடனே ரெண்டு பேரும் ஒண்ணா அவுக்கணும். முந்துனவனும் கிடையாது, பிந்துனவனும் கிடையாது. இத நான் பாப்பேன். பாத்ததத்தான் சொல்லுவேன்.”

சாரதி முதலாளியைப் பார்த்தான். முதலாளி சம்சாரியின் மாட்டைப் பார்த்தார். அவரும் மாடு வளர்ப்பவர்தான். “அவுருலே” என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

இப்போது என் சட்டைப்பையில் இருக்கும் போன் நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கிறது. என் மகன் நாய் தண்ணீர் குடிப்பதை அதில் எடுத்துக் காட்டுகிறான். ஒவ்வொரு துளியும் தனியாக எழும்பி, யோசித்து, விழுகிறது. அன்று அது கையில் இருந்திருந்தால் மூக்கு, கோடு, மயிரிழை எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்கும். ஜெயித்தது யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன ஏக்கம் வரும். அத்தானிடம் ஒருமுறை சொன்னேன். “தெரிஞ்சிருந்தா என்ன, நீ சிடி வித்திருப்ப” என்றார். இருநூற்று நாற்பதிலும் ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் நடுவே சின்ன இடுக்கு இருக்கத்தானே செய்யும் என்று வாதாடிப் பார்த்தேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பார்க்காத விஷயமாம்.

அந்த டேப்பை வீட்டுக்கு வந்து எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு படம்தான். கல்யாண ஆர்டர் கிடைக்கவில்லை. அது மதுரை வீடியோக்காரர் ஒருவருக்குப் போனது. அதற்குப் பிறகு ஓடுகிற எதையும் நான் முழுப்பட மோடில் எடுத்ததில்லை. சாந்தி முகூர்த்த அறையை அலங்கரிப்பதைக்கூட ஐம்பதில்தான் எடுத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

நடந்தது இதுதான். அத்தான் விசில் ஊதினார், இரண்டு நுகமும் ஒன்றாக அவிழ்ந்தன. முதல் கொடியை அந்த வருஷம் யாருக்கும் கொடுக்கவில்லை. சம்சாரியின் மாடு கீழே விழவில்லை. வேப்பமர நிழலில் நடத்தித் தண்ணீர் காட்டினார்கள், குடித்தது. வெயில் தாழ்ந்ததும் நான்கு மாடுகளும் தாமாகவே நடந்து லாரியில் ஏறின.